முகத்தைக் கெடுக்காத டிவி எது? 43 அங்குல 4கே டிவிகள்: பிரிட்டிஷ், அமெரிக்கத் தொடர்களை ஓட்டிப் பார்த்து ஒரு விமர்சனம்

எந்த டிவி கடைக்குள் நுழைந்தாலும் டெமோவில் கிளி பறக்கும், தேன் சொட்டும், ஆரஞ்சுப் பழம் இரண்டாகப் பிளக்கும். மனித முகம் மட்டும் அபூர்வம். ஆனால் வீட்டுக் கூடத்தில் வைத்த பிறகு நாம் பார்ப்பதில் முக்கால்வாசி முகம்தான். அதனால் 25,000 முதல் 35,000 ரூபாய்க்குள் வரும் 43 அங்குல 4கே டிவிகளை இங்கே முகத்தை வைத்து மட்டுமே எடை போடுகிறோம். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடி என்று எந்த ஊர்க் கடையிலும் முன்வரிசையில் நிற்கிற ரகம் இது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டதால் விசாரிக்க இது நல்ல சமயமும்கூட.

பிராண்டு பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. காரணம் உண்டு. ஒரே மாடல் எண்ணுக்குள்ளேயே இந்த மாத லாட்டில் ஒரு பேனல் (படம் தெரியும் திரைத் தகடு), அடுத்த லாட்டில் வேறு பேனல் என்று வருகிறது. பெயரைப் பார்த்து வாங்குவதைவிட, பெட்டிக்குள் இருப்பதைச் சோதித்து வாங்குவதே சரி.

சோதனைக்குத் தமிழ் சீரியல் உதவாது. படுக்கையிலிருந்து எழும் காட்சியிலும் முழு மேக்கப், முழு நகை. தோல் என்று ஒன்று அங்கே தெரிந்தால்தானே டிவி அதை மறைக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியும்? பிரிட்டிஷ் தொடர் ஒன்றையும் அமெரிக்கத் தொடர் ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ்காரர்கள் கண்ணுக்குக் கீழ்ப் பையையும் கோணல் பல்லையும் இரண்டு நாள் தாடியையும் அப்படியே விடுகிறார்கள். அமெரிக்கப் பெரிய சேனல்கள் தோலைச் சமன் செய்து, பல்லை வெளுத்து, முடிக்குப் பின்னாலிருந்து ஒரு விளக்கும் கொடுக்கின்றன. நல்ல டிவியில் இந்த வித்தியாசம் பத்தடி தள்ளி உட்கார்ந்தாலும் தெரியும். மோசமான டிவியில், அல்லது நல்ல டிவியைக் கடையிலிருந்து வந்த செட்டிங்கிலேயே விட்டிருந்தால், இரண்டு நாட்டு முகமும் ஒரே மெழுகு பொம்மையாகிவிடும்.

இதற்குக் கச்சிதமான ஜோடி 'பிராட்சர்ச்' தொடரும் 'கிரேஸ்பாயிண்ட்' தொடரும். முன்னது 2013-இல் பிரிட்டனின் ஐடிவி சேனலில் வந்தது, இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரைக் கதை. பின்னது அதையே அமெரிக்காவுக்கு மாற்றி 2014-இல் ஃபாக்ஸ் சேனல் எடுத்தது. இரண்டிலும் துப்பறிகிறவர் டேவிட் டென்னன்ட். அமெரிக்கப் பதிப்பில் அமெரிக்க உச்சரிப்போடு பேசுகிறார். முதல் எபிசோடை இயக்கியவர்கூட இரண்டுக்கும் ஒருவரே, ஜேம்ஸ் ஸ்ட்ராங். காட்சிகளும் ஏறக்குறைய அப்படியே. முகம் மாறவில்லை, ஆள் மாறவில்லை. மாறுவது வெளிச்சம், மேக்கப், சுற்றி நிற்கும் மற்ற நடிகர்கள், படத்தின் நிறம். இரண்டையும் ஓட்டி டென்னன்டின் கண்ணோரத்தை மட்டும் கவனியுங்கள். இரண்டிலும் சுருக்கம் ஒரே மாதிரி வழித்தெடுத்தாற்போல் இருந்தால் அந்த டிவி ஏதோ வேலை செய்கிறது என்று அர்த்தம். 'பிராட்சர்ச்'சில் ஒலிவியா கோல்மன் போட்டிருக்கும் ஆரஞ்சு நிற மழைக்கோட்டு கூடுதல் வசதி. கோட்டின் மடிப்புகள் தெரியாமல் ஒரே ஆரஞ்சு அப்பலாக இருந்தால் கலர் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது.

தோலுக்கு இன்னும் கறாரான பரீட்சை 2014-இல் பிபிசியில் தொடங்கிய 'ஹேப்பி வேலி'யின் முதல் காட்சி. மேற்கு யார்க்‌ஷயரின் பகல் வெளிச்சம். பளிச்சென்ற மஞ்சள் போலீஸ் ஜாக்கெட்டில் சாரா லங்காஷயர் நிற்கிறார். தன்னைக் கொளுத்திக்கொள்ளப்போவதாக மிரட்டும் ஒருவனிடம் தனக்கு 47 வயது, விவாகரத்தானவள் என்று தன் கதையையே சொல்லிப் பேச்சுக் கொடுக்கிறார். அந்த முகத்துக்கு அழகூட்டும் விளக்கு இல்லை. மூக்கின் பக்கம் லேசான சிவப்பு, நெற்றியில் கோடுகள், உதட்டோரம் காய்ந்த தோல். ஜாக்கெட்டின் மஞ்சள் சரியாக வந்து, அதே நேரத்தில் கன்னத்தின் சிவப்பும் இயல்பாக நின்றால் அந்த டிவியை வாங்கலாம். பெரும்பாலான செட்டுகள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. மஞ்சள் கண்ணைக் குத்தும், முகம் ரோஸ் பவுடர் போட்டதுபோல் ஆகும்.

இப்படி இரண்டு நாட்டு முகமும் பிரிவதற்குத் தொழில் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் எந்தக் காட்சியைச் சோதனைக்கு எடுப்பது என்பதும் புரியும். அமெரிக்க நெட்வொர்க் தொடர் என்றால் சீசனுக்கு 22 எபிசோடு அளவில், ஓடினால் ஆண்டுக்கணக்கில் போகும். தொடக்கத்திலேயே நடிகரிடம் பல வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். முக்கிய வேடமென்றால் சேனல் அதிகாரிகள் முன்னால் நடித்துக் காட்டித் தேற வேண்டும். விளம்பரக்காரர்கள் வெகுகாலம் குறிவைத்தது 18 முதல் 49 வயதுப் பார்வையாளரை. அத்தனை வருஷம் போஸ்டரில் நிற்கப்போகும் முகத்தை யாரும் சும்மா விடுவதில்லை. பிரிட்டனில் ஆறு, எட்டு எபிசோடோடு ஒரு சீசன் முடிகிறது. பிபிசி, டிவி பார்க்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்தில் ஓடுகிறது, உள்நாட்டில் விளம்பரம் கிடையாது. ஆனால் பணம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஐடிவியும் சேனல் 4-உம் விளம்பரத்தில்தான் பிழைக்கின்றன, அங்கேயும் முகம் முகமாகத்தான் இருக்கிறது. மேடை நாடகத்திலிருந்து டிவிக்கும், டிவியிலிருந்து மேடைக்கும் போய்வரும் நடிகர் கூட்டம் அது. எந்த வேடம் கொடுத்தாலும் செய்கிறவரா என்பதே முதல் கேள்வி.

ஐடிவியின் 'வேரா' 2011-இல் தொடங்கியபோது பிரெண்டா பிளெதினுக்கு வயது 65. கசங்கிய மழைக்கோட்டு, நசுங்கிய தொப்பி. 2025 வரை அதே கோலத்தில் கொலை விசாரித்தார். அமெரிக்காவில் வயதான பெண் துப்பறிவாளர் இல்லாமலா? 1984-இல் சிபிஎஸ் சேனலில் தொடங்கிய 'மர்டர், ஷி ரோட்' இருக்கிறதே. ஆனால் அதன் நாயகி ஏஞ்சலா லான்ஸ்பரி லண்டனில் பிறந்தவர்!

இரண்டையும் கறுப்பு வெள்ளையாகப் பிரிப்பதும் தப்பு. எச்பிஓ போன்ற சந்தா சேனல்கள் அமெரிக்காவிலேயே வேறு வழியில் போயின. 2021-இல் வந்த 'மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்' பென்சில்வேனியாக் கதை. நடித்தவர் இங்கிலாந்தின் கேட் வின்ஸ்லெட். ஒரு காட்சியில் தெரிந்த தொப்பையை வெட்ட வேண்டாம் என்று தடுத்ததையும், போஸ்டரில் கண்ணோரச் சுருக்கத்தை அழித்திருந்ததால் இரண்டு முறை திருப்பி அனுப்பியதையும் அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 'தி ஆபீஸ்' இரண்டு பதிப்பையும் பார்த்தால் மாற்றம் கண்ணெதிரே நடக்கும். பிரிட்டிஷ் மூலம் 2001, அமெரிக்கப் பதிப்பு 2005. அமெரிக்க முதல் சீசனில் ஸ்டீவ் கரெலுக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய மெல்லிய முடி; அடுத்த சீசனிலேயே முடி அடர்ந்து ஆள் பளிச்சென்று ஆகிவிடுகிறார். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ்காரர் பல் மோசம் என்று அமெரிக்க நகைச்சுவையில் அடிக்கடி கேட்கலாம். 2015-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒப்பீட்டில் சராசரியாக விழுந்த பல் அமெரிக்கர்களுக்குத்தான் சற்று அதிகம். திரையில் நாம் பார்ப்பது ஆரோக்கியத்தை அல்ல, வெனீர் என்கிற பல்லொட்டையும் வெளுப்பையும்தான். டிவியில் பல் நீலம் பூசியதுபோல் தெரிந்தால் அதற்குக் காரணம் நடிகர் இல்லை, உங்கள் டிவியின் கலர் டெம்பரேச்சர், அதாவது வெள்ளை நிறம் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா சாய்கிறது என்ற செட்டிங்.

இனி ரிமோட்டைக் கையில் எடுக்கலாம்.

கடையில் டிவி 'ஸ்டோர் மோடி'ல் இருக்கும். முதலில் அதை 'ஹோம் மோடு'க்கு மாற்றுங்கள்; மாற்றாவிட்டால் நீங்கள் செய்யும் செட்டிங்கைச் சில நிமிஷத்தில் அதுவே அழித்துவிடும். பிறகு பிக்சர் மோடு. 'விவிட்', 'டைனமிக்', 'ஸ்டாண்டர்டு' எதுவும் வேண்டாம். 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' எடுங்கள். இதை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' வைத்தால் வெள்ளை 6,500 கெல்வின் பக்கம் வரும். விவிட் மோடில் அது 10,000-ஐத் தாண்டி நீலத்துக்குப் போய்விடும், அதனால்தான் மாநிற முகம் சாம்பல் பூத்தும் வெள்ளைக்காரர் முகம் பிணக்களையோடும் தெரிகிறது. வார்மில் முதல் இரண்டு நாள் படம் பழைய வேட்டி மாதிரி மஞ்சளாகத் தோன்றும். மாற்றாதீர்கள், கண் பழகிவிடும்.

ஷார்ப்னெஸ்ஸைப் பெரும்பாலான செட்டில் 0 முதல் 10-க்குள் வையுங்கள். சில நிறுவனங்களில் மட்டும் நடு அளவான 50-தான் சமநிலை. அதற்குக் கீழே போனால் படம் மங்கும். எது என்று அறிய, திரையில் எழுத்து ஓடும் இடத்தைப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் கட்டியிருந்தால் ஷார்ப்னெஸ் அதிகம். அடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷன், எம்பெக் நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றும் ஆஃப். ஷார்ப்னெஸ்ஸும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் சேர்ந்து ஓடினால் முகத்துக்கு நேர்வதுதான் ஆக மோசம். பின்னது தோலின் நுண்துளைகளைத் துடைத்துவிடும், முன்னது மிச்சமிருக்கும் ஆழமான சுருக்கத்தைக் கறுப்புக் கோடாக இழுத்துவிடும். மெழுகுத் தோலில் பேனாக் கோடு. 'வேரா' பார்த்தால் பிளெதின் முகம் கார்ட்டூன் ஆகிவிடும்.

மோஷன் ஸ்மூத்திங்கை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரில் ஒளித்துவைத்திருக்கிறது. மெனுவில் 'மோஷன்' என்ற சொல் வரும் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். இல்லாத நடுப் படங்களை டிவியே வரைந்து செருகும் வேலை அது. முகம் திரும்பும்போது கன்னம் தண்ணீரில் மிதப்பதுபோல் நெளியும், கண் இமைப்பது வழுக்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய பிரிட்டிஷ் தொடர்களில் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை வினாடிக்கு 50 ஃபீல்டு (அரைப் படம்) வீடியோவிலும், வெளிப்புறத்தைப் பிலிமிலும் எடுத்தார்கள். அதனால் உட்புறக் காட்சி செய்தி வாசிப்பு போலவும் தெருக் காட்சி சினிமா போலவும் இருக்கும். அமெரிக்க நாடகத் தொடர்கள் அப்போதே 35 மிமீ பிலிமில் வந்தன. மோஷன் ஸ்மூத்திங்கை ஆன் செய்தால் இன்றைய தொடர் எல்லாமே அந்தப் பழைய வீடியோ வரவேற்பறைக்குப் போய்விடுகிறது.

டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ செட்டாப் பெட்டியோ வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். பிரிட்டிஷ் தொடர் வினாடிக்கு 25 படம். அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நம் ஊரிலும் அதே. 50 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது வினாடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையில், ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும், துல்லியப் பொருத்தம். ஆனால் ஸ்டிக் வழக்கமாக 60 ஹெர்ட்ஸில் அனுப்புகிறது. 25-ஐ 60-க்குள் திணிக்க, சில படம் இரண்டு முறையும் சில படம் மூன்று முறையும் வரும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது திக்கும். அமெரிக்கத் தொடர் 24 படம் என்பதால் 60 ஹெர்ட்ஸில் அதுவும் 3, 2 என்று மாறி மாறித்தான் வரும், ஆனால் ஒழுங்கான தாளம் என்பதால் கண் பொறுத்துக்கொள்ளும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 'மேட்ச் ஃபிரேம் ரேட்' என்பதை ஆன் செய்தால் தீரும். படம் தொடங்கும்போது திரை ஓரிரு வினாடி கறுத்து வரும். அது பழுது இல்லை. ஆப்பும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காத ஆப்பில் பிரிட்டிஷ் தொடர் பார்க்க, ஸ்டிக்கைக் கையாலேயே 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடலாம்.

எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வீச்சைக் காட்டும் முறை: இந்த விலையில் அது பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கருக்கு மட்டும்தான் பயன்படுகிறது. பேனலின் ஒளி 250 முதல் 350 நிட்ஸ் (வெளிச்ச அளவு), எச்டிஆருக்கு அது போதாது. எச்டிஆர் படம் இருட்டி, பிரிட்டிஷ் தொடரின் மழைச் சாயங்கால முகங்கள் குகைக்குள் போய்விடும். ஸ்டிக்கில் டைனமிக் ரேஞ்சை எஸ்டிஆராக (எச்டிஆர் இல்லாத சாதாரண முறை) மாற்றிவிட்டால் அதே முகம் வெளியே வரும்.

வாங்கும்போது உண்மையில் முடிவெடுக்க வேண்டியது பேனல் வகையைத்தான். விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு முக்கிய ரகம். விஏ பேனலில் கறுப்பு கறுப்பாக இருக்கும், இருட்டில் பாதி முகம் மட்டும் தெரியும் காட்சி அருமையாக வரும். பக்கத்திலிருந்து பார்த்தால் முகம் வெளுத்துவிடும். ஐபிஎஸ்ஸில் பக்கத்திலிருந்தும் நிறம் மாறாது. கறுப்பு மட்டும் சாம்பலாகும். விற்பனையாளருக்குப் பெரும்பாலும் தெரியாது, கேட்டுப் பயனில்லை. இருண்ட காட்சி ஒன்றை நேரே நின்று பாருங்கள், பிறகு 45 டிகிரி பக்கம் நகர்ந்து பாருங்கள், பத்து வினாடியில் தெரிந்துவிடும். தஞ்சை ஜில்லாப் பழைய வீடுகளில் டிவி இருப்பது கூடத்தில். ஒருவர் தூணில் சாய்ந்து, ஒருவர் ரேழி நிலைப்படியில், ஒருவர் ஊஞ்சலில். திரைக்கு இணையாக ஆடும் ஊஞ்சலிலிருந்து விஏ பேனலைப் பார்த்தால் நடிகரின் முகம் ஆட்டத்துக்கு ஏற்ப வெளுத்து வெளுத்து மீளும். அந்த வீட்டுக்கு ஐபிஎஸ். இரண்டு மூன்று பேர் நேரெதிரே உட்கார்ந்து பார்க்கும் அபார்ட்மென்ட் ஹாலுக்கு விஏ. இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

முற்றத்துக்கு நேரெதிர்ச் சுவரில் டிவியை வைக்காதீர்கள். காலை பத்து மணிக்கு முகத்துக்குப் பதில் துளசி மாடம் தெரியும். முற்றத்தை ஒட்டிய பக்கவாட்டுச் சுவரே நல்லது. உயரமும் முக்கியம். சுவாமி படத்துக்குச் சரியாக மேலே மாட்டினால், கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கையில் விஏ பேனல் மறுபடி வெளுக்கும், கழுத்தும் வலிக்கும். திரையின் நடுப்பகுதி உட்கார்ந்தவர் கண் மட்டத்தில், தரையிலிருந்து மூன்றரை அடி அளவில் இருக்கட்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, நான்கு மாதத்தில் துளை பெரிதாகித் தொங்கும். தேக்குப் பலகை ஒன்றை நீள ஆணியடித்து அதன்மேல் பிராக்கெட்டைப் பொருத்துங்கள், இல்லையென்றால் ஸ்டாண்டிலேயே வையுங்கள்.

43 அங்குலத்துக்கு நல்ல தூரம் ஐந்தரை முதல் ஆறடி. பத்தடி தள்ளி உட்கார்ந்தால் 4கேவும் அதைவிடத் துல்லியம் குறைந்த 1080-உம் கண்ணுக்கு ஒன்றுதான். ஆகவே ஸ்ட்ரீமிங் சேவையின் 4கே திட்டத்துக்குக் கூடுதல் பணம் கட்டுமுன் நாற்காலியை அளந்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் இணைய வேகம், 1080-க்கு 5, அதற்கும் கீழான 720-க்கு 3 வேண்டும். சாயங்காலம் தெருவே இணையத்தில் இருக்கும்போது வேகம் விழுந்தால் சேவை சத்தமில்லாமல் தரத்தை இறக்கும். முதலில் காணாமல் போவது தோலின் நுண்விவரம்தான். வசனம் தெளிவாகக் கேட்கும், பின்னணி சரியாகத் தெரியும், முகம் மட்டும் வழவழவென்று ஆகிவிடும். அந்த நேரத்தில் டிவியைக் குறை சொல்லாமல், ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள்.

கரண்ட் விஷயம். குறுவை நேரத்தில் மோட்டார் ஓடும் ஊர்களில் லோ வோல்டேஜ் சகஜம். பின்பக்க லேபிளில் 100-240 வோல்ட் என்று இருந்தால் அதற்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை, 160-லும் டிவி ஓடும். ஆபத்து, போன கரண்ட் திரும்பி வரும் நொடியில் எகிறும் வோல்டேஜில்தான். அதற்கு எர்த் உள்ள சர்ஜ் புரொடெக்டர். வீட்டில் எர்த் சரியில்லை என்றால் அதுவும் வெறும் அலங்காரம். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. கேபிள் ஒயரையும் மோடத்திலிருந்து வரும் லேன் ஒயரையும் கழற்ற வேண்டும். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது, மோடத்தின் அடாப்டர் கடத்தும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் எச்டிஎம்ஐ முனை பச்சை பிடிக்கும். படம் விட்டுவிட்டு வந்தால் சர்வீஸுக்கு ஃபோன் போடும் முன் அதைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள்.

பெட்டி பிரித்த அன்றே, மாற்றித் தரும் கெடு முடியுமுன், யூடியூபில் முழுச் சாம்பல் நிறத் திரை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நடுவில் அழுக்குத் திட்டு போலத் தெரிந்தால் அது எந்த செட்டிங்கிலும் போகாது. கேமரா நகரும்போதெல்லாம் நடிகரின் கன்னத்தின்மேல் அந்தத் திட்டு ஊரும். லேசாக இருந்தால் இந்த விலைக்குப் பொறுத்துக்கொள்ளலாம். நடுப்பகுதியில் பளிச்சென்று தெரிந்தால் போட்டோ எடுத்து அன்றைக்கே கடைக்கு அனுப்பி, வேறு செட் கேளுங்கள்.